சிவப்பு லைட் எரிஞ்சா உயிரோட இருக்குன்னு அர்த்தமில்ல!

வணக்கம் மக்களே. மேல ஃபேன் சத்தம் கேக்கும், மன்னிச்சுக்கோங்க. அதை நிறுத்தினா நான் உருகிடுவேன்.

(போர்டைக் கேமரா பக்கம் காட்டுகிறார்)

இதோ, ராஸ்பெர்ரி பை 4, கையளவு குட்டிக் கம்ப்யூட்டர். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மூலைல கிடக்கும். வீட்டு ஃபோட்டோ எல்லாம் இதுலதான் வந்து சேரும். போன மாசம் இது ரெண்டு நாளா செத்துக் கிடந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. ஏன்னா சிவப்பு லைட் ஜம்முன்னு எரிஞ்சுட்டே இருந்துச்சு. அந்த லைட்டுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், கரண்ட் வருது. உள்ள கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, ஓடுதா, உறைஞ்சு போச்சா, அதைப் பத்தி அதுக்கு என்ன கவலை?

சரி, பக்கத்துல ஒரு பச்சை இருக்கே, அதைப் பாத்துருக்கலாமேன்னு கேப்பீங்க. அது எஸ்டி கார்டுல ஏதாவது எழுதினா, படிச்சா மினுக்கும். வேலை இல்லேன்னா அணைஞ்சு கிடக்கும். ஆக, பச்சை அணைஞ்சிருந்தா தூங்குதா, செத்துருச்சான்னு சொல்ல முடியாது.

அதனால இன்னைக்கு அந்தப் பச்சையை நாடித் துடிப்பா மாத்தப் போறோம். பைதான் ஸ்கிரிப்ட் எல்லாம் வேண்டாம், கெர்னலே துடிக்கும்.

டெர்மினலுக்கு வாங்க. ஸ்லாஷ் சிஸ் ஸ்லாஷ் கிளாஸ் ஸ்லாஷ் லெட்ஸ். லினக்ஸ்ல லைட்டுங்க எல்லாம் குடியிருக்கிற இடம் இது. 2006-ல 2.6.17 கெர்னல்ல ரிச்சர்ட் பர்டிங்கிறவர் கொண்டுவந்தது. அவர் அப்போ ஷார்ப் கம்பெனியோட ஜாரஸ்னு ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர்ல லினக்ஸ் ஓட்டிட்டு இருந்தார். அப்போ எழுதின சமாச்சாரம் இன்னைக்கு ரவுட்டர் வரைக்கும் வந்து நிக்குது.

இங்க ஆக்ட், பவர்னு ரெண்டு ஃபோல்டர் இருக்கு பாருங்க. உங்க கெர்னல் பழசுன்னா லெட் 0, லெட் 1-ன்னு இருக்கும், பயப்படாதீங்க. ஆக்ட்தான் பச்சை, பவர்தான் சிவப்பு. ஆக்ட் உள்ள போய் ட்ரிக்கர்ங்கிற ஃபைலை, அதாவது லைட்டை எது மினுக்க வைக்குதுன்னு சொல்ற ஃபைலை, கேட் கமாண்டால பாத்தா ஒரு நீளமான பட்டியல் வரும். அதுல சதுர அடைப்புக்குள்ள இருக்கிறதுதான் இப்ப நடப்புல இருக்கறது. எம்எம்சி 0, அதாவது எஸ்டி கார்டு. அந்த இடத்துல ஹார்ட்பீட்டுன்னு எழுதினாப் போதும்.

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. சுடோன்னா அட்மின் அதிகாரம், எக்கோன்னா சொன்னதை அப்படியே வெளிய தள்றது. சுடோ எக்கோ ஹார்ட்பீட், அப்புறம் அம்புக்குறி, அப்புறம் ஃபைல் பேரு. தட்டினா பெர்மிஷன் டினைடு. சுடோதான் போட்டேனே, இன்னும் என்னடான்னு கோவம் வரும். விஷயம் என்னன்னா, சுடோ எக்கோவுக்கு மட்டும்தான். ஃபைலைத் திறக்கிற அம்புக்குறி வேலையை உங்க ஷெல், அதாவது நீங்க தட்டற கமாண்டை வாங்கி ஓட்டற புரோகிராம், பாக்குது, அது இன்னும் சாதா யூசர்தான். அதனால எக்கோ தர்றதை பைப் பண்ணி, ஃபைல்ல எழுதற சுடோ டீக்கு அனுப்புங்க. குடிக்கிற டீ இல்ல, டி-இ-இ.

(தட்டுகிறார்)

ஆங்... பாத்தீங்களா? டப்-டப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டப்-டப். ஒவ்வொரு டப்பும் 70 மில்லி செகண்ட். சும்மா இருக்கிறப்போ ஒரு சுற்று 1260 மில்லி செகண்ட். லோடு ஆவரேஜ், அதாவது எவ்வளவு வேலை வரிசைல நிக்குதுங்கிற கணக்கு, 1 ஆனா 860, 5 ஆனா 510. எவ்வளவு போட்டு வாட்டினாலும் 300-க்குக் கீழ போகாது. மாடிப்படி ஏறினா நமக்குப் படபடன்னு அடிக்கிற மாதிரி. கடைசி ஒரு நிமிஷ லோடை வெச்சுத்தான் கணக்கு, அதனால வேலை முடிஞ்சும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். கெர்னல் பேனிக் ஆச்சுன்னா, அதாவது கெர்னலே மீள முடியாம விழுந்துட்டா, துடிப்பு நின்னுடும். லினக்ஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச குட்டி அழகு இது.

சிலருக்கு இன்வாலிட் ஆர்கியூமென்ட்னு வரும். பட்டியல்லயே ஹார்ட்பீட் இருக்காது. எனக்கும் அதான் வந்துச்சு, தப்பு என்னுதுதான். சொந்தமா கெர்னல் கம்பைல் பண்ணப்போ, இது எதுக்கு, அது எதுக்குன்னு வெட்டி, ஹார்ட்பீட்டையும் சேத்து வெட்டிட்டேன். மறுபடி மேக் மெனுகான்ஃபிக், கெர்னல்ல எது எது வேணும்னு தேர்ந்தெடுக்கற மெனு. டிவைஸ் டிரைவர்ஸ், அதுக்குள்ள எல்இடி சப்போர்ட். ஜிபிஐஓ-ல, அதாவது சிப்போட பின்கள்ல, மாட்டின எல்இடிக்கான டிரைவர் அங்கதான் இருக்கு, அது இல்லேன்னா ஆக்ட் ஃபோல்டரே வராது. அப்புறம் ட்ரிக்கர் சப்போர்ட், அதுக்குள்ள ஹார்ட்பீட்.

எம் போடலாம், ஸ்டார் போடலாம். எம்னா மாட்யூல், தனி ஃபைலா இருக்கும், மாட்ப்ரோப் கமாண்டால ஏத்தினாத்தான் வரும். ஸ்டார்னா கெர்னலுக்குள்ளயே சேந்துடும். நான் ஸ்டார்தான் போடுவேன். மாட்யூல் கார்டுலேருந்து ஏறணும்னா ரூட் ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆகணும். பூட் ஆகறப்போ அங்கேயே சிக்கிக்கிட்டா? எப்போ நாடி பாக்கணுமோ அப்போ நாடி இருக்காது.

கம்பைல் பண்ணி, கார்டுல காப்பி பண்ணி, பவர் போட்டேன். பச்சை ஏழு தடவை மினுக்குச்சு. நிறுத்திட்டு மறுபடி ஏழு. ஆஹா, துடிக்குதுன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க! அது துடிப்பு இல்ல. கெர்னல் ஏறுற வரைக்கும் அந்த லைட், போர்டை முதல்ல எழுப்பற ஃபர்ம்வேர் கையில. ஏழு மினுக்குன்னா கெர்னல் ஃபைலையே காணோம்னு அர்த்தம். கெர்னல் 8 டாட் ஐஎம்ஜின்னு இருக்க வேண்டிய பேருல 8-ஐ விட்டுட்டேன்.

ரீபூட்டுக்கு அப்புறமும் நிக்கணும்னா கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட்ல டிடிபேரம் ஈக்வல் டு ஆக்ட் அண்டர்ஸ்கோர் லெட் அண்டர்ஸ்கோர் ட்ரிக்கர் ஈக்வல் டு ஹார்ட்பீட். ஒரே வரி.

இதோட வீடியோவை முடிச்சிருப்பேன், ஆனா ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு கூத்து. பச்சை அழகா துடிக்குது, வேற கம்ப்யூட்டர்லேருந்து எஸ்எஸ்ஹெச்ல போனா உள்ள விடல, ஃபோட்டோவும் ஏறல. மெமரி ரொம்பி எல்லா புரோகிராமும் திணறிட்டு இருந்திருக்கு. ஹார்ட்பீட்டை ஓட்டறது கெர்னலுக்குள்ள இருக்கிற ஒரு டைமர், மேல நம்ம புரோகிராம் செத்தாலும் பொழைச்சாலும் அது துடிக்கும். நாடி இருக்கு, ஆனா ஆளு மயக்கத்துல.

அதுக்குத்தான் சிவப்பு லைட்டையும் வேலைக்கு இழுத்துட்டேன். அதோட ட்ரிக்கர் ஒன்ஷாட். அதைப் போட்டதும் ஷாட்னு ஒரு ஃபைல் முளைக்கும். அதுல எதையாவது எழுதினா ஒரே ஒரு தடவை மினுக்கும், அவ்வளவுதான். என் ஸ்கிரிப்ட் 10 செகண்டுக்கு ஒரு தடவை கார்டுல ஒரு ஃபைலை எழுதிப் பாக்கும். எழுத முடிஞ்சாத்தான் ஷாட்டைத் தொடும். இப்ப பச்சை துடிச்சு சிவப்பு மினுக்கலேன்னா, கெர்னல் இருக்கு, மேல ஏதோ அவுட்டுன்னு தெரிஞ்சுடும்.

ஒண்ணு மட்டும். சிவப்பை நாம எடுத்துக்கிட்டோம், இனிமே பவர் பிரச்சனையை அதுகிட்ட கேக்காதீங்க. வோல்டேஜ் 4.63 வோல்ட்டுக்குக் கீழ போனா கெர்னல் லாக்ல வரும், டிமெசேஜ் கமாண்டுல பாருங்க. திங்க்பேட் லேப்டாப்புக்கான டிரைவர்ல அன்சேஃப் லெட்ஸ்னே தனியா ஒரு கான்ஃபிக் ஆப்ஷன் வெச்சிருக்காங்க. பேட்டரி அபாயத்தை மறைச்சிடலாம், கழட்டக் கூடாத நேரத்துல எதையாவது கழட்ட வெச்சிடலாம்னுதான் அந்த எச்சரிக்கை. லைட்டுதானேன்னு நான் சிரிச்சிருக்கேன், இப்ப சிரிக்கறதில்ல.

கடைசியா, அம்மா பஞ்சாயத்து. அவங்க ஹால்லதான் படுப்பாங்க, "என்னடா இது, ராத்திரி பூரா தேர்த் திருவிழா மாதிரி"ன்னு திட்டு. சரின்னு ராத்திரி பிரைட்னஸ் ஃபைல்ல 0 எழுதினேன். காலைல 1 எழுதினா பச்சை அசையாம எரியுது! 0 எழுதினா ட்ரிக்கரே கழண்டுடும்ங்கிறதை மறந்துட்டேன். ஹார்ட்பீட்டை மறுபடி எழுதணும்.

இதை எல்லாம் அம்மாகிட்ட விளக்கிட்டு இருக்கும்போதே அவங்க எழுந்து போய், ரெண்டு லைட் மேலயும் ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிட்டாங்க. கிட்ட வந்து காட்றேன், இருங்க... தெரியுதா? மெரூன் கலர். கிட்டப் போய்ப் பாத்தா உள்ள துடிக்கிறது தெரியும்.