இம்போஸ்டர் பொய் சொல்லலாம், ஆளை வையக் கூடாது

[திரையில்: அமங் அஸ் ஆட்டத்தின் கூட்டத் திரை. பத்து வண்ணப் பொம்மைகள், பக்கத்தில் சாட் பெட்டி.]

வணக்கம். அமங் அஸ் மாதிரி ஆட்டங்களில் ரூம் போட்டு நடத்துகிற ஹோஸ்ட்டுகளுக்காக இந்த வீடியோ. ஆட்டம் தெரியாதவர்களுக்கு: விண்கலத்தில் வேலை பார்க்கிறவர்கள் க்ரூமேட்டுகள், அவர்களுக்குள் ஒளிந்திருந்து ஆளைக் கொல்கிறவர் இம்போஸ்டர். அவர் யார் என்று கூட்டம் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு வெளியே தள்ளணும். லீவு விட்டால் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஒரே ரூமில் கூடிவிடுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன்மாரும் ராத்திரி வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அங்கே ஒருத்தன் தப்பாக நடந்துகொண்டால் ஹோஸ்ட் என்ன செய்யணும்?

எது தப்பே இல்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கொலை பண்ணிவிட்டு வந்தவன், "நான் எலக்ட்ரிக்கல்ல ஒயர் மாட்டிக்கிட்டு இருந்தேன்" என்று கூசாமல் சொல்லலாம். ஒரு பாவமும் அறியாதவன் மேல் பழி போடலாம். உயிர் நண்பனையே ஏமாற்றலாம். "அண்ணே, அவன் என்கிட்ட பொய் சொல்லிட்டான்" என்று ஒரு தம்பி அழுதுகொண்டு வந்தால் ஆறுதல் சொல்லுங்கள், புகாராக எடுக்காதீர்கள். நாம் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு விளையாடிய ராஜா ராணி திருடன் போலீஸில், திருடன் சீட்டு வந்தவன் முகத்தை வைத்துக்கொள்வதில்தானே ஆட்டமே இருந்தது?

[திரையில்: 1986, 1997, 2018 என்ற ஆண்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

இந்த வகை ஆட்டத்துக்கு வயது அதிகம். 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி டேவிடோஃப் என்பவர் மாஃபியா என்ற ஆட்டத்தை உருவாக்கினார். 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதையே ஓநாய் மனிதன் கதையாக மாற்றினார். இன்னர்ஸ்லாத் நிறுவனத்தின் அமங் அஸ் வந்தது 2018-இல். கொரோனா காலத்தில், 2020-இல்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. கதை மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: கொஞ்சப் பேருக்கு எல்லாம் தெரியும், நிறையப் பேருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் பேசிப் பேசிக் கண்டுபிடிக்கணும்.

இந்த ஆட்டத்தில் பெரிய குற்றம் எது என்பதும் அங்கிருந்தே புரிந்துவிடும். தெரியாத ஒன்றை வெளி வழியாகத் தெரிய வைப்பது. செத்தவர்கள் செத்தவர்களோடு மட்டும்தான் பேச முடியும் என்றுதான் ஆட்டத்தையே அமைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். செத்துப்போன அண்ணன், "ஏலே, பச்சைதாம்ல" என்று காதோரம் சொன்னால் போதும். மிச்சப் பேர் கால்மணி நேரமாக யார் எங்கே போனார்கள் என்று நினைவில் வைத்திருந்தது அத்தனையும் வீண். வாட்ஸப் காலில் சொன்னாலும் இதே கதைதான். நேரலையில் விளையாடுகிறவரின் திரையை இன்னொரு போனில் பார்த்துக்கொண்டே விளையாடுவதும் இதே வகை. ரெண்டு பேர் "நம்ம ரெண்டு பேரும் எப்பவும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஓட்டுப் போட வேண்டாம்" என்று ஆட்டம் தொடங்குமுன்பே பேசி வைத்துக்கொண்டாலும் அப்படித்தான்.

நெட் கட்டாகிப் போவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காரையார் பக்கம் மலையடியில் சிக்னல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? கரண்டும் போகும். இம்போஸ்டர் சீட்டு வராத ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் காணாமல் போனால், அப்போது கூப்பிட்டுக் கேளுங்கள்.

[திரையில்: எட்டு வெள்ளைப் பொம்மைகள், ரெண்டு சிவப்புப் பொம்மைகள். வெள்ளையில் ஒன்று மறைகிறது.]

இந்த வீடியோவில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். தப்புப் பண்ணினவனை ஓட்டுப் போட்டு வெளியே தள்ளித் தண்டிக்காதீர்கள். பல ரூம்களில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒருத்தன் கெட்ட வார்த்தை பேசினான், உடனே எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஓட்டுப் போட்டு விண்வெளியில் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ரெண்டு இம்போஸ்டர், எட்டு க்ரூமேட். இம்போஸ்டர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக க்ரூமேட்டுகள் குறைந்துவிட்டால் இம்போஸ்டர் ஜெயித்துவிடுவார். வாய் நீண்டவன் க்ரூமேட் என்றால், அவனைத் தள்ளியதும் மிச்சம் ஏழு. அவன் பேசிய பேச்சுக்கு அந்த ஏழு பேர் ஏன் தோற்கணும்? அவனே இம்போஸ்டராக இருந்தால் அவனோடு சேர்ந்த இன்னொரு இம்போஸ்டர் தண்டனை வாங்குகிறார். தண்டிக்கப்பட்டவனோ ஆவியாகி, செத்தவர்கள் சாட்டில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருப்பான். தண்டனை அவனைத் தொடவே இல்லை.

இன்னொரு கேடும் உண்டு. இம்போஸ்டரும் அந்தக் கூட்டத்தில்தானே இருக்கிறார்? "அவன் பேச்சே சரியில்ல, தள்ளுங்க" என்று தூண்டிவிட அவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நியாயம் கேட்கிற இடமும் ஆளை ஏமாற்றுகிற இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஓட்டு ஆட்டத்துக்கு. ஒழுங்கு ஹோஸ்ட் கையில், ஆட்டத்துக்கு வெளியே.

சரி, எப்படிச் செய்வது? ரூம் கோடு அனுப்பும்போதே விதியையும் சேர்த்து அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். "செத்தா வாய மூடணும், வெளிய பேசக் கூடாது, ஆளையும் வீட்டையும் இழுத்து வையக் கூடாது" என்று நம்ம பேச்சிலேயே எழுதினால் எல்லோரும் படிப்பார்கள். யாராவது மீறினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அந்த ரவுண்டை முடிய விடுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு எல்லோரும் காத்திருக்கும் லாபிக்குத் திரும்பியதும் ரூமைவிட்டு வெளியேற்றும் கிக், ரொம்ப மோசமென்றால் திரும்ப வர முடியாமல் தடுக்கும் பேன், ரெண்டும் ஹோஸ்டிடம் இருக்கிறது. அப்புறம் அவனிடம் தனியாகப் பேசுங்கள். பத்துப் பேர் நடுவில் கேட்டால் அவன் வீம்புக்கு நிற்பான். தனியாக, "தம்பி, நீ என்ன பொய் வேணும்னாலும் சொல்லு, ஆனா அந்தப் பிள்ளைய அப்படிப் பேசினது தப்பு" என்றால் பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்வான். தப்புச் செய்தது உங்கள் கூட்டாளி என்றால் நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆட்டத்தில் இல்லாத இன்னொருவரிடம் ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லுங்கள். டவுன் ஆஃப் சேலம் என்ற ஆட்டத்தில் இதையே ஒரு முறையாக வைத்திருந்தார்கள். புகார் வந்த ஆட்டத்தின் பதிவை வேறு ஆட்டக்காரர்கள் படித்துப் பார்த்து, குற்றமா இல்லையா என்று ஓட்டுப் போடுவார்கள்.

[திரையில்: வெறும் கறுப்புத் திரை. குரல் மட்டும்.]

இனி சொல்லப்போவதற்கு ரவுண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம்ம ஊர் ரூம்களில், "நீ எந்த ஊரு? எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும். எப்போதும் அது விசாரிப்பு அல்ல. சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவர்களும் உண்டு, தெரிந்ததும் பேச்சு மாறும். சிவப்பு, மஞ்சள் என்று பொம்மையின் நிறத்தை வைத்தே ஒரு ஜாடைப் பேச்சு ஓடும். கயிற்றின் நிறத்தை வைத்துப் பள்ளிக்கூடத்தில் பிரிந்து நின்ற பிள்ளைகள்தானே இங்கேயும் வருகிறார்கள்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியது அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு அதை விளையாட்டுப் பேச்சு என்று நம்மால் விட முடியாது.

ஆங்கில வசவுக்காக வைத்த வடிகட்டி, நம்ம பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் வசவைப் பிடிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய காவல் நீங்கள்தான். "ஏலே" என்பது நமக்குள் செல்லம். அதே சொல்லோடு ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் சேர்ந்தால் அது எங்கே போகிறது என்பது இந்த மண்ணில் பிறந்தவருக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் எச்சரிக்கை, ரெண்டாவது வாய்ப்பு எதுவும் வேண்டாம். உடனே ஆட்டத்தை நிறுத்தி ஆளை வெளியே அனுப்புங்கள். வசவு வாங்கினவர் மனம் எப்படி இருக்கிறது என்று அவரிடம் விசாரியுங்கள், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளிடம் போட்டோ கேட்பது, நம்பர் கேட்டு நச்சரிப்பது, அடிப்பேன் என்று மிரட்டுவது எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

மிரட்டலும் போட்டோ விவகாரமும் ஹோஸ்ட் தீர்த்துவைக்கிற சமாசாரம் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். ஒன்றிய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், 1930 என்ற எண்ணும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1098. "ஆட்டத்துல நடந்ததுக்குப் போலீஸா?" என்று யாராவது சொன்னால், மிரட்டினவனும் மிரண்டவளும் ஆட்டத்துக்கு வெளியேதான் வாழ்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

[திரையில்: லாபி. புதிதாக ஒரு பொம்மை உள்ளே வருகிறது.]

கடைசியாக, தடை முடிந்து திரும்பி வருகிறவன். செத்த பிறகு வாய்விட்டதற்கோ கெட்ட வார்த்தைக்கோ வெளியே போனவனைச் சொன்னேன். அவன் வந்த முதல் கூட்டத்திலேயே, "இவன்தான அன்னைக்கு அப்படிப் பேசினவன், இவனையே தள்ளுவோம்" என்று ஒருத்தர் தொடங்குவார். அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். வென்ட் என்ற ரகசிய வழியில் குதித்ததைப் பார்த்தீர்களா, பிணத்துக்குப் பக்கத்தில் நின்றானா, சொன்ன இடத்தில் இல்லையா? இன்றைய ரவுண்டில் அவன் செய்ததை வைத்துச் சந்தேகப்படுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் யாருக்கும் ஓட்டுப் போடாமல் ஸ்கிப் போடுங்கள்.