கேஸ் ஷீட்டில் பெயரடை வேண்டாம்

(செவிலியர் நாள் கூட்டம் ஒன்றில் இறுதியாண்டு நர்சிங் மாணவிகள், மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் வரும், தெரியும். அதனால் முதலில் ஒரு சின்னப் பரீட்சை. நோட்டை எடுங்கள்.

இரண்டு நோயாளிகள். இருவருக்கும் வயது 25. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து முதல் நாள். பி.பி. 120/80, நாடி 80, மூச்சு 18, இருவருக்கும் அச்சு அசலாக ஒன்றே. வலி எவ்வளவு, 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். இருவருமே 8 என்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். முதல் ஆள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார், பார்க்க வந்தவரோடு கிண்டலடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ஆள் பேச்சில்லாமல் படுத்திருக்கிறார், திரும்பிப் படுக்கும்போது முகத்தைச் சுளிக்கிறார். கேஸ் ஷீட்டில் யாருக்கு என்ன எண் எழுதுவீர்கள்?

எழுதியாச்சா? முன்வரிசையில் ஒரு பெண் முதல் ஆளுக்கு 4 என்று எழுதிவிட்டு, பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்து அடித்தாள். கவலைப்படாதே அம்மா, உனக்குத் துணை நிறையப் பேர். இந்தக் கேள்வியை அமெரிக்காவில் பெட்டி ஃபெரல், மார்கோ மெக்காஃப்ரி என்ற இரண்டு செவிலியர்கள் 1987 வாக்கில் தயாரித்தார்கள். அதிலிருந்து பல நாடுகளில் செவிலியர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிரிக்கிறவருக்கு எண்ணைக் குறைத்துப் போடுகிற பழக்கம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. விடை இருவருக்குமே 8. வலி என்பது அதை அனுபவிக்கிறவர் என்ன சொல்கிறாரோ அதுதான், இருக்கிறது என்று அவர் சொல்லும்போது அது இருக்கிறது என்று மெக்காஃப்ரி 1968லேயே எழுதிவிட்டார்.

சரி, அந்த 4 எங்கிருந்து வந்தது? பாடப்புத்தகத்தில் இல்லை. டியூட்டர் சொல்லித் தரவில்லை. நிஜமாக வலித்தால் சிரிப்பு வருமா என்று வீட்டில் யாரோ எப்போதோ சொன்னது, பேனா முனைக்கு வந்துவிட்டது.

நாங்கள் படிக்கும்போது, வார்டுக்குள் வரும் முன் உங்கள் சொந்த நம்பிக்கைகளைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்லித் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் செருப்புதான் வாசலில் கிடக்கும், கால் உள்ளே வந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள் சொல்கிறேன். என் கால் என்னோடுதான் வந்தது. ஒரு ராத்திரி அது என்ன செய்தது என்று சொல்கிறேன்.

ஆண்கள் எலும்பு முறிவு வார்டு. நைட் டூட்டி. அறுபது பேருக்கு நான் ஒருத்தி. ஈவினிங் டூட்டி சிஸ்டர் ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது, "பதினேழாம் பெட் குடிகாரன், வண்டியிலிருந்து விழுந்து கால் முறிவு, மாவுக்கட்டு போட்டாச்சு, ரொம்ப அலட்டறான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வாக்கியத்தில் முதலில் என் காதில் விழுந்தது எது என்று நினைக்கிறீர்கள்? கால் இல்லை.

எங்கள் அப்பா குடிப்பார். சம்பள நாளில் அம்மா தெருமுனையில் போய் நிற்பாள், அவர் கடைக்குத் திரும்புவதற்கு முன்னால் சட்டைப் பையைப் பிடித்துவிட. சில மாதம் பிடிப்பாள், சில மாதம் வெறுங்கையோடு வருவாள். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். பதினேழாம் பெட் பக்கம் போனபோது மூக்கில் ஏறிய வாடை எனக்குப் பழக்கமான வாடை.

பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டார். "சிஸ்டர், கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது." எழுதியிருந்த ஊசியைப் போட்டேன். பன்னிரண்டரைக்கு மறுபடியும் கூப்பிட்டார். இன்னும் அடங்கவில்லை என்றார். நான் படுக்கையருகே போகக்கூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே, "குடிக்கும்போது தெரியலையா?" என்றேன். பக்கத்துப் பெட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. நானும் நல்லவேளை அடங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும். அவர் மனைவி மேஜையருகே வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நான் நிமிர்ந்த பிறகுதான் பேசினார். "அம்மா, விரலைத் தொட்டா தெரியலைன்னு சொல்றாரும்மா." போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. பெருவிரலை மெல்ல நீட்டினேன். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

உங்களுக்கு இது என்னவென்று தெரியும். முறிந்த காலில் வீக்கம் ஏறும். மாவுக்கட்டு விரியாது, தசையைச் சுற்றியுள்ள உறையும் விரியாது. உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் வாக்கில் அப்படியே விட்டால் தசையும் நரம்பும் மீளாமல் போகலாம். பாதத்தில் நாடி கடைசி வரைக்கும் துடித்துக்கொண்டிருக்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது. முதலில் வருகிற அறிகுறி வலிதான். காயத்துக்குப் பொருந்தாத வலி, ஊசிக்கு அடங்காத வலி, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி. அதாவது அவர் 'அலட்டியது' தான் அறிகுறி. இதை நான் படித்திருந்தேனா? படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். பன்னிரண்டரைக்கு அந்தப் படிப்பு எனக்கும் அவருக்கும் நடுவில் வரவில்லை. எங்கள் அப்பாதான் வந்தார்.

டூட்டி டாக்டர் வந்து கட்டைப் பிளந்தார். தியேட்டருக்குக் கொண்டுபோய் உறையை நீளமாகக் கீறிவிட்டார்கள். காலை எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் பாதம் தொங்கிப் போனது, மேலே தூக்க முடியவில்லை.

யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் தப்பாக எதுவும் இல்லையே. 11.10க்கு ஊசி போட்டதாக என் கையெழுத்து இருக்கிறது. 12.30க்கு நான் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று நினைப்பீர்கள். அப்படியானால் சொந்த நம்பிக்கை என்பதே செவிலியருக்கு ஆகாதா? அதுவும் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வந்திருக்கவே மாட்டார்கள், வந்தாலும் முதல் வருஷ பெட்பானோடு ஓடியிருப்பார்கள். மே 12 என்றாலே விளக்கு ஏந்திய அம்மையார் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த விளக்கைவிட அவர் பேனா பிடிக்கும். இறைவன் தன்னைச் சேவைக்கு அழைத்ததாகப் பதினாறு வயதில் நம்பியவர் நைட்டிங்கேல். அந்த நம்பிக்கையோடு போர்க்கள ஆஸ்பத்திரியில் பிரார்த்தனை மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. காயத்தால் எத்தனை பேர் செத்தார்கள், தடுத்திருக்கக்கூடிய நோயால் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, 1858ல் வண்ணப் படமாகவே வரைந்து காட்டினார்.

நம் பக்கத்தில் வேலூர் இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று கணவன்மார் வந்து, அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள், மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று. அவர் அப்போது டாக்டர் இல்லை. அவருடைய அப்பாதான் டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரிதான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார், 1909ல் நர்சிங் பள்ளி, 1946ல் அங்கேயே நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. இந்தக் கதையை ஒரு பக்கமாகவே சொல்வார்கள். எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. அந்த மூன்று பெண்களைக் கொன்றதும் ஒரு நம்பிக்கை, அதற்கப்புறம் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியதும் ஒரு நம்பிக்கை. மூன்று கணவன்மாரும் கெட்டவர்கள் இல்லை. தங்களுக்குச் சரி என்று பட்டதைத்தான் செய்தார்கள், நான் 12.30க்குச் செய்ததைப் போல.

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் 'உழைச்செல்வான்', பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர். அது நாம்தான். அந்த ஆளுக்கு என்னென்ன வேண்டும் என்று பரிமேலழகர் உரையில் எழுதும்போது, நோயாளியிடம் அன்பு, மனமும் சொல்லும் உடலும் தூய்மை, சொன்னதை அப்படியே செய்யும் திறமை, அறிவு என்கிறார். கையைக் கழுவுகிறோம். சொல்லைக் கழுவுகிறோமா?

பிரசவ வார்டு போஸ்டிங் முடித்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வலியில் கத்துகிற பெண்ணிடம், "அப்போ மட்டும் இனிச்சுதா?" என்று கேட்கிற வழக்கம். யார் முதலில் சொன்னார்களோ, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. சொல்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அதே சிஸ்டர் அடுத்த நிமிஷம் குழந்தையைத் துடைத்து நெஞ்சில் வைத்துக் கொஞ்சுவார். ஆனால் பெண்பிள்ளை என்றால் வலியை வாய் திறக்காமல் தாங்க வேண்டும், எங்கம்மா அஞ்சு பெத்தா ஒரு சத்தம் வரலை என்பது அவருக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பிரசவ அறைகளில் நடக்கும் அவமதிப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2014ல் அறிக்கை வெளியிட்டது. 2017ல் மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையில் கண்ணியத்தையும் தர அளவுகளில் சேர்த்தது. நல்லதுதான். சுவரில் போஸ்டரும் ஒட்டினார்கள். போஸ்டருக்குக் கீழே நின்றுகொண்டே அதைச் சொன்னதையும் கேட்டிருக்கிறேன்.

இதற்கு நேர் எதிராக ஒருவரைச் சொல்ல வேண்டும். 1986ல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அடுத்த பத்துப் பதினைந்து வருஷம் வார்டுகள் எப்படி இருந்தன என்பது உங்கள் தலைமுறைக்குத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பயம் பாதி, 'கண்ட இடத்துக்குப் போனா இப்படித்தான்' என்ற தீர்ப்பு பாதி. அங்கே ஒரு சீனியர் அக்கா இருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், வெள்ளிக்கிழமை விரதம், ஒழுக்கம் பற்றி அவருக்கு இருந்த கருத்துகளைக் கேட்டால் இன்றைக்கு நீங்கள் சண்டைக்குப் போவீர்கள். அவர்தான் எச்.ஐ.வி. இருந்த ஒரு பெண்ணின் கட்டிலில் தினமும் உட்கார்ந்து, சிக்கு விழுந்த தலையை எண்ணெய் வைத்து வாரிப் பின்னிவிடுவார். எப்படிக்கா என்று கேட்டேன். "அவ பண்ணது தப்புன்னுதான் நினைக்கிறேன். தலையில சிக்கு இருக்கே, அதுக்கென்ன பண்றது?" என்றார். அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. அது எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தார்.

நேற்று உங்கள் ஆசிரியை ஒருவர் போனில் கேட்டார். கருக்கலைப்பு என் மதத்துக்கு ஒப்பாது என்று ஒரு மாணவி சொல்கிறாள், என்ன சொல்வது என்று. அவளை அவமானப்படுத்தக் கூடாது, அது முதலில். போஸ்டிங் ஆரம்பத்திலேயே பொறுப்பாளரிடம் சொல்லி வேறு வேலை கேட்கலாம், நோயாளி மேஜையில் படுத்த பிறகு சொல்லக் கூடாது. பிரிட்டனில் 1967 கருக்கலைப்புச் சட்டம் மனசாட்சியின் பேரில் விலகிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. கிளாஸ்கோவைச் சேர்ந்த இரண்டு பேறுகாலச் செவிலியர்கள், மற்றவர்களை மேற்பார்வை செய்வதிலிருந்தும் விலக்கு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நேரடியாகக் கை வைத்துச் செய்யும் வேலைக்குத்தான் அந்த உரிமை என்று 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நம் நாட்டில் 1971லிருந்து சட்டம் இருக்கிறது, 2021ல் திருத்தினார்கள். மணமாகாத பெண்களையும் மணமான பெண்களைப் போலவே நடத்த வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்ணின் விவரத்தை மருத்துவர் வெளியே சொன்னால் தண்டனையும் உண்டு. இத்தனைக்கும் பிறகு, வராந்தாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, "கலைக்க வந்த பொண்ணு யாரும்மா?" என்று ஒரு குரல் வரும். அந்த மாணவியை விட எனக்கு இந்தக் குரல்தான் கவலை. அவள் தன் நம்பிக்கை என்னவென்று தெரிந்து பேசுகிறாள். இந்தக் குரலுக்குத் தனக்கு ஒரு நம்பிக்கை இருப்பதே தெரியாது.

அப்படியானால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்து உருப்படியாக வேலை செய்த பழக்கம் ஒன்றே ஒன்று. அந்த ராத்திரிக்குப் பிறகு, ஹேண்ட் ஓவரிலும் கேஸ் ஷீட்டிலும் பெயரடையை விட்டுவிட்டேன். தமிழ் வகுப்பில் படித்த அதே பெயரடைதான். நல்ல, கெட்ட, அடாவடியான, பாவப்பட்ட. 'பாவப்பட்ட' கூட வேண்டாம், அதற்கும் ஒரு விலை இருக்கிறது. நம்மிடம் பாவம் என்று பேர் வாங்கியவருக்கு இரண்டு தடவை தண்ணீர் கிடைக்கும், வாங்காதவருக்கு ஒரு தடவை. 'ரொம்ப அலட்டறான்' என்பதற்குப் பதிலாக, 'வலி 9 என்கிறார், ஊசிக்குப் பின் குறையவில்லை, விரலை நீட்டினால் கூடுகிறது' என்று ஈவினிங் சிஸ்டர் சொல்லியிருந்தால், எங்கள் அப்பா நுழைய அங்கே இடமே இருந்திருக்காது. மனசு மாறி நல்லவளாகும் வரை காத்திருக்க நேரமில்லை, பிள்ளைகளா. வாக்கியத்தை முதலில் மாற்றுங்கள்.

அந்தப் பதினேழாம் பெட்காரர் ரெண்டு மாசம் வார்டில் இருந்தார். கீறின காயம் மூடத் தோல் வைத்துத் தைத்தார்கள். டிரெஸ்ஸிங் பெரும்பாலும் நான்தான் செய்தேன், கேட்டு வாங்கிச் செய்தேன். பெயிண்ட் அடிக்கிற வேலை. ஏணியில் ஏற இனிமேல் முடியாது. அன்றைக்கு நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவில் இல்லை, அல்லது இல்லை என்று சொன்னார். ஒரு வருஷம் கழித்து ஓ.பி.யில் பார்த்தேன். கீழே நின்று கலர் கலக்கிக் கொடுப்பதாகச் சொன்னார். குடியை விட்டாரா என்று கேட்பீர்கள். அன்றைக்கும் அதே வாடைதான் வந்தது. உட்காரச் சொல்லி, செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பெருவிரல் கொஞ்சம் அசைந்தது.