சுவரை வைத்துத்தான் சித்திரம்

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, அன்போடு வரவேற்ற நூலகர் அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து ஒலிபெருக்கி கட்டியது வரை ஓடியாடி வேலை பார்த்த வாசகர் வட்டத் தம்பி தங்கைகளே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவிடம் நான் வரலாறு படித்தவன். ரோமாபுரி என்ற பெயரை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். அவர் தலைமையில் அந்த ஊரைப் பற்றியே பேசக் கிடைத்ததை என் பேறாக நினைக்கிறேன். நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த இந்த நூலகக் கூரையைச் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான். கூரையின் அருமை தெரிந்தவர் என்பதால் சுவரின் அருமையும் அவருக்குத் தெரியும். அவரிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதைப் பேச்சின் கடைசியில் வைக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, இத்தாலியில் பயணிகள் பார்க்க வேண்டிய கட்டடங்கள். ரோம், பீசா, ஃபுளோரன்ஸ், வெனிஸ், மிலான் ஆகிய ஐந்து ஊர்களைப் பற்றிச் சொல்கிறேன். நேரம் இருந்தால் ரவென்னாவின் மொசைக் ஓவியங்களையும் சிசிலித் தீவில் நிற்கும் கிரேக்கக் கோயில்களையும் பார்ப்போம். இத்தாலி நமக்கு முற்றிலும் அந்நியமான நாடு இல்லை. சதுரகராதி தந்த வீரமாமுனிவர் பிறந்தது அங்கேதான். வடக்கே மாந்துவா நகருக்குப் பக்கத்தில் காஸ்திலியோனே என்ற சிற்றூரில் 1680இல் பிறந்தார்.

நம் பெரியவர்கள் சொல்வார்கள்: சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். பொதுவாக உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்காகச் சொல்கிற பழமொழி. இத்தாலியில் நான் சுற்றிய இடமெல்லாம் இது அப்படியே, சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தது.

மிலானிலிருந்தே தொடங்குகிறேன். லியொனார்டோ டா வின்சி வரைந்த 'கடைசி விருந்து' ஓவியத்தை எல்லோரும் காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். அது துணியில் வரைந்த படம் இல்லை. ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், 1495 முதல் 1498 வரையிலான காலத்தில் தீட்டியது. ஈரப் பூச்சின் மேல் வேகமாக வரைவதுதான் அந்த நாட்டு வழக்கம். லியொனார்டோவுக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை. நின்று நிதானித்து, திருத்தித் திருத்தி வரைகிற கை அவருடையது. அதனால் காய்ந்த பூச்சின் மேல் வரைந்தார். அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1652இல் அந்த மடத்தவர்கள் அதே சுவரில் கதவு வைக்கப் போய், ஏசுவின் பாதங்களை இடித்துத் தள்ளினார்கள்! பிறகு நெப்போலியனின் படை அந்தக் கூடத்தைக் குதிரை லாயமாக்கியது.

1943 ஆகஸ்டில் மிலான் மேல் குண்டு விழுந்தது. கூடத்தின் கூரை போயிற்று, பக்கச் சுவர் ஒன்று தரைமட்டமானது. ஓவியம் இருந்த சுவர் மட்டும் நின்றது. ஏன் நின்றது? குண்டு விழும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தச் சுவருக்கு முட்டுக் கொடுத்து, மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மூட்டை சுமந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களால்தான் இன்றைக்கு லியொனார்டோ இருக்கிறார். சுவரை வைத்துத்தான் சித்திரம்.

1978இல் தொடங்கிய சீரமைப்பு வேலை முடிய 1999 ஆனது. ஒரு சுவருக்கு இருபது ஆண்டுக்கு மேல்! இப்போது பார்க்கப் போனால் சிறு குழுவாக உள்ளே விட்டு, 15 நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் மூச்சின் ஈரம்கூட அந்தச் சுவருக்கு ஆகாது. சீட்டை வெகு நாள் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நேரில் போய்க் கேட்டால் கிடைப்பது அபூர்வம்.

சரி, ரோமுக்கு வருகிறேன். அங்கே ஒரே ஒரு கட்டடம் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் பாந்தியன் என்றுதான் சொல்வேன். கொலோசியம் இல்லையா என்று கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன். பாந்தியன் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 126இல் முடிந்த கோயில். அதன் குவிமாடம் 43 மீட்டர் அகலம், தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43 மீட்டர். ஒரு பெரிய பந்தை உள்ளே வைத்தால் தரையையும் உச்சியையும் தொட்டுக்கொண்டு நிற்கும். உள்ளே ஒரு இரும்புக் கம்பி கிடையாது. கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது அதுதான். அடியில் சுமார் 6 மீட்டர் கனம், மேலே போகப் போக மெலிந்து ஒரு மீட்டர் சொச்சம். அடியில் கனமான கல்லைச் சேர்த்தவர்கள், உச்சியில் தண்ணீரில் மிதக்கும் எரிமலைக் கல்லைக் கலந்திருக்கிறார்கள்.

உச்சியில் ஒரு வட்டத் திறப்பு உண்டு. கண்ணாடியும் இல்லை, மூடியும் இல்லை. நானும் என் மனைவியும் போன அன்று மழை. மழை நேராக உள்ளே விழுந்தது. காவலர்கள் நடுவே கயிறு கட்டி எங்களை ஒதுக்கி நிறுத்தினார்கள். தரையைக் குனிந்து பார்த்தேன். சலவைக்கல் தளம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரிந்திருக்கிறது. நடுவில் சின்னச் சின்னத் துளைகள். விழுந்த தண்ணீர் தயங்காமல் அந்தத் துளைகளில் இறங்கிக்கொண்டிருந்தது. நம் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் தளம் போடக் கொத்தனாரிடம் எவ்வளவு மன்றாடுகிறோம்!

கலவை என்ன தெரியுமா? சுண்ணாம்பு. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பல். நம் கொத்தனார்கள் சுண்ணாம்போடு மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்தார்கள். சேர்மானம் வேறு, அடிப்படை ஒன்றுதான்.

இந்தக் கோயில் இடிபடாமல் தப்பியதற்கு இன்னொரு காரணம், 609இல் அது தேவாலயமானது. தினமும் விளக்கேற்றி, கூட்டிப் பெருக்கி, ஒழுகினால் அடைக்க ஆள் இருந்தது. கொலோசியத்துக்கு அப்படி யாரும் இல்லை. அது கி.பி. 80இல் திறந்த அரங்கம், 80 வாசல்கள், ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம் என்பார்கள். 1349 நிலநடுக்கத்தில் தெற்குப் பக்கம் சரிந்தது. விழுந்த கல்லை அள்ளிப் போய் அரண்மனை கட்டினார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், சுவர் முழுக்க அம்மை போட்ட தழும்பாகக் குழிகள் இருக்கும். கல்லையும் கல்லையும் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளைத் தோண்டி எடுத்த குழிகள் அவை.

இப்போது அதே கொலோசியத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? ஒரு செருப்புக் கம்பெனி இரண்டரைக் கோடி யூரோ கொடுத்தது. வெளிச் சுவரின் கரியை எடுத்தார்கள். மணலை வீசி அடிக்கவில்லை. வெறும் தண்ணீரைப் பனிபோலத் தூவித் தூவி, கையால் துடைத்து எடுத்தார்கள். நம் கோயில் கற்தூண்களில் மணல்வீச்சு அடித்து, சிற்பத்தின் மூக்கும் விரலும் மழுங்கிப்போனதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரோமில் ஒரு கதை சொல்லாமல் நகர மாட்டேன். புனித பேதுரு சதுக்கத்தின் நடுவே ஒரு எகிப்தியத் தூண் நிற்கிறது. ஒரே கல், 25 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. ரோமப் பேரரசர் கலிகுலா கப்பலில் கொண்டுவந்தது. 1586இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அதைப் பக்கத்து இடத்திலிருந்து பேராலயத்தின் முன்னால் நகர்த்தி நிறுத்தச் சொன்னார். பொறுப்பேற்றவர் தொமெனிகோ ஃபோன்தானா. இன்றைக்கு இருக்கிற கிரேன் கிடையாது. கப்பிகள், சணல் கயிறுகள், சுற்றி இழுக்கும் உருளைகள், 900 ஆட்கள், நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள். எக்காளம் ஊதினால் இழுக்க வேண்டும், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். அந்தச் சத்தம் எல்லார் காதிலும் விழ வேண்டுமே! அதனால் போப் ஆணையிட்டாராம்: வேலை முடியும்வரை கூட்டத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் மரண தண்டனை. தூக்குமரத்தைச் சதுக்கத்திலேயே நட்டு வைத்தார்களாம்.

செப்டம்பர் 10. ஊரே கூடியிருக்கிறது. மூச்சுச் சத்தம் இல்லை. தூண் மெல்ல மெல்ல எழுகிறது. பாதிக்கு மேல் எழுந்தபின் நின்றுவிட்டது. இழுக்கிறார்கள், அசையவில்லை. கயிறு சூடேறி நெகிழ்கிறது, இழை இழையாகப் புகைகிறது. 300 டன் கல் அந்தரத்தில். கீழே 900 பேர். எல்லோருக்கும் தெரிகிறது, ஒருவரும் பேசவில்லை. தூக்குமரம் எதிரே நிற்கிறதே!

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு மாலுமி கத்தினான்: "கயிற்றில் தண்ணீர் ஊற்றுங்கள்!" லிகூரியக் கடற்கரைக்காரன், பிரெஸ்கா என்று பெயர் சொல்கிறார்கள். கப்பல்காரனுக்குச் சணலின் குணம் தெரியும். நனைந்தால் இறுகும், சுருங்கும். ஃபோன்தானா நொடியில் புரிந்துகொண்டார். குடம் குடமாக ஊற்றினார்கள். கயிறு இறுகியது, தூண் எழுந்தது, நின்றது. இன்னும் நிற்கிறது.

மாலுமியைப் பிடித்துப் போப்பின் முன் நிறுத்தினார்கள். தூக்கிலிட்டாரா? இல்லை. என்ன வேண்டும் கேள் என்றாராம். குருத்தோலை ஞாயிறுக்குப் பேராலயத்துக்கு ஓலை கொடுக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு வேண்டும் என்று கேட்டானாம். கொடுத்துவிட்டார். இது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. ஆனால் இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்றுதான் மனதில் ஓடுகிறது. சுவர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நாம் எத்தனை பேர் வாய் மூடி நிற்கிறோம்? நமக்குத் தூக்குமரம்கூட இல்லையே!

பீசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1173இல் தொடங்கிய கோபுரம், மூன்றாம் அடுக்கு வருவதற்குள் சாய்ந்தது. கல்லில் குறை இல்லை, அடியில் இளகிய மண். 1989இல் பவியா நகரத்தில் ஒரு பழைய கோபுரம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். உடனே, 1990 ஜனவரியில் பீசா கோபுரத்தை மூடிவிட்டார்கள். உயர்ந்து நிற்கும் வடக்குப் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து எடுத்து, அரைப் பாகைக்கு மேல் நிமிர்த்தி, 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். அதைக் கையால் தாங்குவது போலப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், ஒரு நிமிடம் அந்த மண்ணையும் குனிந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தைப் புருனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை கட்டினார். கீழிருந்து மரச்சாரம் தாங்காமல் எப்படி எழுப்பினார் என்பது தனிக் கதை, இன்னொரு கூட்டத்தில் சொல்கிறேன். 463 படி ஏறினால் குவிமாடத்தின் உள்கூட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே நடக்கலாம், மீன்முள் வரிசையில் செங்கல் அடுக்கியிருப்பதைக் கையால் தொடலாம். முட்டி தாங்குகிறவர்கள் அவசியம் ஏறுங்கள்.

வெனிஸில் புனித மாற்கு சதுக்கத்தின் மணிக்கூண்டு 1902 ஜூலை 14ஆம் தேதி காலையில் அப்படியே உட்கார்ந்தது. சுவரில் விரிசல் ஓடுவதைக் கவனித்து முன்னமே ஆட்களை அப்புறப்படுத்தியதால் ஒரு மனித உயிர்கூடப் போகவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்தபடியே கட்டுவோம் என்றார்கள். 1912இல் கட்டி முடித்துவிட்டார்கள்.

பொம்பேய் என்ற பழைய ரோமானிய ஊரைப் பட்டியலில் சொல்லவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். அங்கே வண்ணச் சித்திரங்கள் இருந்த ஒரு கூடம், இரண்டாம் உலகப் போரில் குண்டுபட்டது. பிறகு செப்பனிட்டபோது பழைய சுவர்களின் தலையில் கனத்த கான்கிரீட் கூரையை வைத்தார்கள். 2010 நவம்பரில், பெருமழைக்குப் பின் ஒரு காலையில் அது முழுக்க இடிந்து விழுந்தது. இத்தாலியே அதிர்ந்தது. அதன் பிறகு 10.5 கோடி யூரோவில் பெரிய சீரமைப்புத் திட்டம் வந்தது. சுவரும் போய்ச் சித்திரமும் போன பிறகு.

இதைத்தான் நம் ஊரில் தடுக்க வேண்டும் என்கிறேன். கடைவீதிச் சத்திரம் சுண்ணாம்பில் கட்டியது. அதன் பின்சுவருக்கு ஒரு ஒப்பந்தக்காரர் சிமெண்ட் பூசினார். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. உள்ளே ஏறிய ஓதம் வெளியே போக வழியில்லாமல் செங்கல் பொரிந்து, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். இப்போது மற்ற மூன்று பக்கமும் சிமெண்ட் பூசி, மேலே கான்கிரீட் தளம் போடப் போவதாகக் கேள்விப்படுகிறோம். அம்மா அவர்களே, அந்த வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களை ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் எங்கள் விண்ணப்பம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத முடியும் அம்மா.

ரவென்னாவுக்கும் சிசிலிக்கும் நேரம் இல்லை என்று செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ரோம் தெருக்குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். 2023இல் கொலோசியத்தில் ஒரு சுற்றுலாப் பயணி சாவியால் பெயர் செதுக்கியதை உலகமே காணொளியில் பார்த்தது. அந்தக் கேவலம் நமக்கு வேண்டாம்.

சத்திரத்துக்கான மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்கள் சாப்பிடப் போகும் முன் போட்டுவிடுங்கள். சுண்ணாம்பு அரைத்துப் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பழைய வீடு வைத்திருப்பவர்கள் அவரைப் பார்த்துப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.