ஒரே போத்தலில் பழமும் பூவும்

[திரையில்: மல்லிகைச் சரம் ஒன்று, மிகக் கிட்டத்தில்]

வெள்ளவத்தையில் பின்னேரம் வாங்குகிற மல்லிகைச் சரத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் நன்றாக இழுத்துப் பாருங்கள். பூ வாசத்துக்குப் பின்னால் திராட்சை டொபியின் இனிப்பு ஒன்று மெல்ல வரும். பிரமை இல்லை. மெத்தைல் அந்த்ரானிலேட் என்ற பொருள் மல்லிகையிலும் இருக்கிறது, கொன்கோர்ட் என்ற கறுப்புத் திராட்சையிலும் இருக்கிறது. திராட்சை டொபிக்குப் போடுவதும் அதைத்தான். மல்லிகையில் உள்ள பென்சைல் அசிட்டேட்டை எடுத்தால், அதில் வாழைப்பழச் சாயல் அடிக்கும்.

கடையில் 'ஃபுரூட்டி ஃபுளோரல்' என்று நீட்டுகிற பெர்ஃபியூம் எல்லாம் இந்த உறவை நம்பித்தான் செய்யப்படுகிறது.

[திரையில்: பீச், அப்பிள், தோடம்பழம்]

பழ வாசம் எங்கிருந்து வருகிறது? தோடம்பழம், எலுமிச்சை என்றால் சிக்கல் இல்லை. தோலைப் பிழிந்தால் எண்ணெய் வரும். பீச், அப்பிள், பேரிக்காய் அப்படி இல்லை. அவற்றை வடித்தால் வாசனைக்காரருக்கு உதவக்கூடிய எண்ணெய் கிடைக்காது. ஆகவே போத்தலுக்குள் இருக்கிற பீச் ஆய்வுகூடத்தில் பிறந்தது. காமா அன்டெகாலக்டோன் என்று பெயர். 1919இல் பிரெஞ்சு வாசனைக்காரர் ஜாக் கெர்லன் செய்த மிட்சுகோ என்ற பெர்ஃபியூமில் பீச் வாசம் இதிலிருந்துதான் வந்தது. 'கெமிக்கல்' என்று முகம் சுளிக்க வேண்டாம், நிஜப் பீச் பழத்தின் வாசத்திலும் இதே லக்டோன் குடும்பத்துப் பொருட்கள் உண்டு.

பீச்சையும் ரோஜாவையும் சேர்த்த ட்ரெசோர் 1990இல் வந்தது. ஜடோர் 1999இல். 2004இல் வந்த டிகேஎன்வை பீ டெலிஷியஸ் போத்தலையே அப்பிள் வடிவில் செய்தார்கள். அதற்குப் பிறகு கடைத்தட்டெல்லாம் பழம்தான், கொஞ்சம் அளவுக்கு மீறியே.

[திரையில்: ரோஜா இதழ்கள்]

நல்லதையும் மட்டமானதையும் பிரிப்பது பழத்தையும் பூவையும் இணைக்கிற பாலம். டமாஸ்கோன் வகைப் பொருட்கள் அந்த வேலையைச் செய்பவை. ரோஜா எண்ணெயில் இவற்றில் ஒன்றான டமாசினோன் மிகமிகச் சிறிதளவே இருக்கிறது. ஆனாலும் ரோஜா வாசத்தில் அதன் பங்கு பெரிது. தனியே முகர்ந்தால் வேகவைத்த அப்பிளும் பிளம்ஸும் ரோஜாவும் ஒன்றாக வரும். ரசத்தில் பெருங்காயம் போல: ஒரு சிட்டிகை போதும், கூடினால் சட்டியே பாழ். கெட்டிக்காரக் கையில் பழம் எங்கே முடிந்தது, பூ எங்கே தொடங்கியது என்று பிடிக்கவே முடியாது.

மட்டமானதில் அந்தப் பாலம் இருக்காது. எத்தைல் மால்ட்டோலைக் கொட்டித் தும்பு மிட்டாய் இனிப்பால் ஓட்டையை மூடிவிடுவார்கள். முதல் நிமிடம் ஆகா என்றிருக்கும். பிறகு மிஞ்சுவது ஷாம்பு வாசம்.

[திரையில்: மணிக்கட்டில் தெளிக்கும் கை]

கொழும்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பேரிக்காய், அப்பிள் வாசம் தருகிற எஸ்டர்கள் சின்ன மூலக்கூறுகள், சட்டென்று ஆவியாகும். முப்பது பாகை வெயிலில் கேட்கவே வேண்டாம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும்போதே பாதி போய்விடும். பீச் லக்டோன் கனமானது, அது தோலில் தங்கும். அதனால் நம் ஊருக்கு அப்பிளை விடப் பீச்சோ பிளம்ஸோ அடியில் இருக்கிற கலவை பொருந்தும். இது என் ருசி. அலுவலகத்தில் நாள் முழுக்க ஏசியில் இருப்பவருக்கு அப்பிளும் தாக்குப்பிடிக்கும்.

ஆகவே கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்த கையோடு காசை எடுக்காதீர்கள். காகிதத்துக்கு உடம்புச் சூடு கிடையாது. மணிக்கட்டில் ஒரு தெளிப்பு, தேய்க்காமல் விடுங்கள். வெளியே இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து மறுபடி முகருங்கள். விற்பனைப் பிள்ளை "இன்றைக்கு மட்டும்தான் கழிவு, அக்கா" என்று அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். அப்போது பூ தெளிவாக நின்று, பழம் அதன் ஓரத்தில் ஈரமாக இருந்தால் வாங்கலாம். இனிப்பு மட்டும் தொண்டையில் ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கினால் முதலில் 30 மில்லி போத்தல் போதும். குளியலறையிலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் வாசத்தைக் கெடுக்கும். பெட்டியோடு அலுமாரிக்குள் வையுங்கள்.