அளவை மாற்றினால் அது கண்டுபிடிப்பா?

வணக்கம் மக்களே, காட்பாடியிலிருந்து பேசுகிறேன். மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ரயில் சத்தம் வரும். இங்கே இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, சிப் பூச்சு முறைக்குக் காப்புரிமை மறுத்துவிட்டால் மேல்முறையீட்டில் என்ன வாதாடுவார்கள்?"

முதலில் பூச்சைப் பார்ப்போம். வேஃபர் என்ற சிலிக்கான் தட்டு, பெரியது 300 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நம் தோசைக்கல் அகலம். நடுவில் ஃபோட்டோரெசிஸ்ட் என்ற, ஒளி பட்டால் மாறும் திரவத்தை விட்டு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழற்றுவார்கள். மிச்சம் தெறித்துப்போய், மெல்லிய படலம் நிற்கும். வேகத்தை 4 மடங்காக்கினால் தடிமன் ஏறக்குறைய பாதியாகும். அறையின் வெப்பமும் ஈரப்பதமும் மாறினாலும் தடிமன் மாறும். அதை அளந்து அடுத்த தட்டுக்குத் திருத்துவதுதான் பிராசஸ் கன்ட்ரோல்.

எங்கள் அப்பா ராணிப்பேட்டை டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். மழை நாளில், ஸ்ப்ரே அடித்த தோலைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் அடுத்த கோட் அடிக்கவிட மாட்டார், இன்னும் உலரட்டும் என்பார். அதுவும் அளந்து திருத்துவதுதானே?

சரி, சட்டத்துக்கு வருவோம். ஏற்கெனவே வெளிவந்த காப்புரிமை, கட்டுரை, வெளிப்படையான பயன்பாடு எல்லாம் பிரையர் ஆர்ட். அதோடு ஒப்பிட்டுத்தான் புதுசா இல்லையா என்று பார்ப்பார்கள். 2012-இல், காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்கு, சிப் தயாரிப்பு இயந்திரங்கள் செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் வழக்கு வந்தது. அது பூச்சு இல்லை, வேஃபரைத் தேய்த்து மெருகேற்றும் பேடில் உள்ள பள்ளங்களின் அளவு. பழைய ஆவணங்களில் இருந்த அளவுகளுக்குள்ளேயே புதிய அளவுகளும் வந்து விழுந்தன. நல்ல அளவைத் தேடிப் பிடிப்பது துறை தெரிந்தவரின் வழக்கமான வேலை என்றார்கள். கொடுத்த காப்புரிமையே மறுஆய்வில் போனது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அப்பா மாதிரி ஆட்கள் தினம் செய்யும் திருத்தத்தை ஒருவருக்கு மட்டும் 20 வருடம் எழுதிக் கொடுக்கலாமா?

ஜெயிக்க வழி உண்டு. அந்த அளவு விளைவைப் பாதிக்கும் என்பதே முன்பு தெரியாது என்று காட்டலாம். இல்லையென்றால், யாரும் எதிர்பாராத பலன் வந்ததற்குச் சோதனைத் தரவு வைக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த மேல்முறையீடுகளைக் கேட்டுவந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள். இப்போது உயர் நீதிமன்றம்தான், நமக்குச் சென்னை. ஆணை வந்து 3 மாதம் கெடு. அதனால் தம்பி, வேகத்தை மாற்றி மாற்றி எடுத்த தடிமன் அளவுகளை இன்றைக்கே கிராஃபில் போடு. வழக்கமான வளைவை விட்டு அது எங்கே விலகுகிறது என்று முதலில் பார்.