புறப்படுவதற்கு முன் டயரைத் தொட்டுப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசுகிறேன். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் சாலைக்கு வரவில்லை. அப்பாவை அழைத்துக்கொண்டு கோலாலம்பூர் போக வேண்டும் என்பதால், கிளம்புவதற்கு முன் காரில் நான் பார்ப்பவற்றை உங்களுக்கும் காட்டுகிறேன்.

முதலில் டயர். 2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது, தாப்பா ஊரைத் தாண்டியதும் என் காரின் பின் டயர் வெடித்தது. அம்மாவும் தங்கையும் உள்ளே இருந்தார்கள். பிரேக்கை அழுத்தாமல் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு அவசரத் தடத்தில் ஒதுக்கினேன். ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த பழைய டயர் அது. வரிப்பள்ளங்கள் ஆழமாக இருந்ததால் நல்ல டயர் என்று நம்பிவிட்டேன். பக்கச் சுவரில் இருந்த எண்ணை நான் படிக்கவே இல்லை.

அந்த எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விளக்கை இப்படிச் சாய்த்துப் பிடித்தால், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் தெரியும். இதில் 1423 என்று இருக்கிறது. அதாவது 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வெடித்த டயரில் 3212 என்று இருந்தது. பத்து வருடம் வெயிலில் காய்ந்த ரப்பரில் மயிரிழைபோல் வெடிப்புகள் ஓடியிருந்ததை, பிய்ந்துபோன பிறகுதான் பார்த்தேன்.

அடுத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, முன் டயரின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் குழிகளில் விழுந்து எழும் கார்களுக்குச் சக்கரங்களின் நேர்நிலை மாறிவிடுவதால், வெளியே நன்றாகத் தெரியும் டயர் உள்பக்கம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும். டயரின் வரிப்பள்ளங்களுக்குள் அடியில் சிறு மேடுகள் இருக்கின்றன அல்லவா, தேய்மானம் அவற்றைத் தொட்டுவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த டயரில் நான் மழைச் சாலையில் ஏறவே மாட்டேன். செம்பனை மட்டையின் முள் ஏதும் குத்தியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும், ஏனெனில் ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். எவ்வளவு அடிப்பது என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கிறது. டயரின் மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். பலரும் அதைப் பார்த்து அடித்துவிடுகிறார்கள், அது தவறு.

இனி பிரேக். எஞ்சினை அணைத்த நிலையில் பெடலை நாலைந்து முறை மிதித்து, கடைசியாக அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். கால் சற்றே கீழே இறங்கினால் சரி. இறங்காமல் கல்போல் நின்றாலோ, மெத்தென்று அடிவரை போனாலோ, பட்டறைக்குத்தான் போக வேண்டும். பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம். மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஈப்போ பக்கம் நீண்ட இறக்கத்தில் இறங்குபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

எஞ்சின் எண்ணெயையும் ரேடியேட்டர் நீரையும் எஞ்சின் சூடாவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். வைப்பரின் ரப்பர் கிழிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள், பேராக்கில் மாலை மழை யாருக்கும் காத்திருக்காது. பிரேக் விளக்கைப் பார்க்க ஆள் இல்லையென்றால் காரைச் சுவருக்கு அருகே பின்னால் கொண்டுபோய் மிதியுங்கள்; இதோ, சுவரில் இரு பக்கமும் சிவப்பு விழுகிறது.

பின்னால் அமர்பவர்களுக்கும் 2009 முதல் இருக்கை வார் கட்டாயம். அப்பா கட்டிக்கொண்டுவிட்டார். மாற்று டயரை அழுத்திப் பார்த்தேன், காற்று குறைவாக இருக்கிறது. முனையிலுள்ள பெட்ரோல் நிலையத்தில் அடித்துக்கொண்டுதான் கிளம்பப் போகிறோம்.