எழுத்துத் தெரியாதவர் தந்த எழுத்து

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். நேரம் குறைவு, விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

குழந்தையின் மொழியையும் எழுத்தறிவையும் வளர்ப்பது பண்பாடா, பள்ளிக்கூடமா? பண்பாடே என்கிறோம் நாங்கள். எதிரணிச் சகோதரி போகிற போக்கில் ஒரு குத்து விட்டார்: "எழுதப் படிக்கத் தெரியாதவர் எழுத்தைப் பற்றி என்னத்தைச் சொல்லித்தருவார்?" நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை இப்போது திருப்பி வாங்கப் போகிறேன்.

அமெரிக்காவில் செரோக்கி என்றொரு பழங்குடி. அதில் செக்வோயா என்று ஒருவர், வெள்ளி வேலை செய்பவர். எந்த மொழியிலும் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர் தாளைப் பார்த்துப் பேசுகிறாரே, நம் பேச்சும் தாளில் ஏறாதா என்று உட்கார்ந்தார். எத்தனை நாள்? நாளா! ஏறத்தாழ 12 வருஷம். பைத்தியம் என்றார்கள், சூனியம் என்றார்கள். எழுதி வைத்ததையெல்லாம் வீட்டம்மா எரித்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. (நடுவர் ஏன் சிரிக்கிறார்? அவரும் எழுதுகிற ஆள்தான்.)

1821-இல் முடித்தார். அசைக்கு ஓர் எழுத்து, இன்றைய கணக்கில் 85. ஆங்கில 'D' மாதிரியே ஓர் எழுத்து இருக்கும், படித்தால் 'அ'! உருவத்தைப் பார்த்து எடுத்தார், ஒலியைத் தன் மக்கள் நாக்கிலிருந்து எடுத்தார்.

பெரியவர்கள் நம்பவில்லை. மகள் அயோக்காவைக் காதுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினார்களாம். அவர்கள் சொல்ல, அப்பா எழுத, சிறுமி வந்து படித்தாள். ஏமாற்று, இன்னொரு தடவை! மறுபடியும் அப்படியே படித்தாள். 1828-இல் அந்த எழுத்தில் செய்தித்தாளே வந்துவிட்டது. சகோதரி, என்னத்தைச் சொல்லித்தருவார் என்றீர்களே, இதைத்தான்!

சரி, மணி அடித்துவிட்டார்கள். வாதம் கிடக்கட்டும்.

என் பாட்டி கைநாட்டு. என்னை மடியில் வைத்துப் படக்கதைப் புத்தகத்தை விரித்து, எழுத்தின் மேல் விரல் ஓட்டி, ராகம் போட்டுப் 'படிப்பார்'. அதற்குள்ளே ஒரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்த விரலால்தான். வார்த்தை மாறினால் விடமாட்டேன், முதலிலிருந்து படிக்கச் சொல்வேன். பாவம், படிப்பார்.

பிறகு எனக்குப் படிக்க வந்தது. எடுத்துப் பார்த்தால், புத்தகத்தில் இருந்தது வேறு கதை.

பாட்டியிடம் நான் சொல்லவே இல்லை. அன்று ராத்திரியும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மடிக்குத்தான் போனேன்.